தேய்க்கச் சொன்ன நிறம்

நம் கல்லூரி இதழில் மாது அண்ணனைப் பற்றி எழுத என்னைவிட உரிமையுள்ளவர்கள் பட்டறையிலேயே இருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். காரிமங்கலத்தில் பஸ் ஏறியபோது ஆய்வகத்திலிருந்து கலா அக்கா போன் செய்தார். "மாது போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாராம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." இருக்கை காலியாக இருந்தும் தருமபுரி வரை நின்றுகொண்டே வந்தேன்.

அவர் வெல்டர். வெல்டு வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இணைப்பு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதை, இழுத்து அறுக்காமலே கணினியில் கணித்துச் சொல்வது என் ஆய்வு. சோதனைக்கு முப்பது துண்டுகளை அவர்தான் வெல்டு வைத்துக் கொடுத்தார். "பளபளன்னு தேய்ச்சுக் குடுத்துடுங்கண்ணா" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அப்படியே கொடுத்தார்.

கணிப்பு தவறிக்கொண்டே இருந்தது. ஒரே மின்னோட்டத்தில் வெல்டு வைத்த இரண்டு துண்டுகளில் ஒன்று தாங்கியது, மற்றது முன்னதாகவே அறுந்தது. அறுந்ததை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். டீ டம்ளரைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

"மொகத்தக் கழுவி வுட்டுட்டு, அழுதுச்சான்னு கேட்டா எப்படிங்க மேடம்?"

வெல்டின் ஓரத்தில் படியும் நிறம்தான் ஏறிய சூட்டைச் சொல்லும். பொன்னிறம் என்றால் அளவு, நீலம் என்றால் கூடுதல், கருத்தால் மிகை. வெல்டிங் மெஷின் டயலில் எண் மாறாவிட்டாலும், கை ஒரு நொடி தயங்கினால் நிறம் மாறிவிடும். அதைத்தான் நான் தேய்க்கச் சொல்லியிருந்தேன். வெல்டிங் கம்பி வந்த அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து நீட்டினார். தேய்ப்பதற்கு முன்பே முப்பது துண்டுகளின் நிறத்தையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

"ஏண்ணா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. படிச்சவங்க தேய்க்கச் சொன்னா ஏதோ காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்."

அந்த நிறங்களையும் கணக்கில் சேர்த்ததும் கணிப்பு உண்மைக்கு நெருங்கி வந்தது. நம் கல்லூரிக் கருத்தரங்கில் ஒருவர், "நிறத்தைக் கவனிக்க எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். தலைகுனிந்து நின்றேன். கூச்சம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் மாது அண்ணனும் தட்டினார். வெளியே வந்ததும், "தண்ணி குடிங்க மேடம்" என்று பாட்டிலை நீட்டினார்.

அது கூச்சம் இல்லை. பதில் நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தக் கைதட்டலைப் பங்குபோட மனம் வரவில்லை.

அந்த மூடி என் மேசையில் இருக்கிறது. அதை எடுக்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். துறைத்தலைவர் ஐயா, நேரில் வந்தால் மறுபடியும் தலைகுனிந்து நின்றுவிடுவேன் என்பதால் எல்லோரும் படிக்கும் இந்த இதழில் கேட்கிறேன். அந்த ஆய்வைப் பற்றிய என் கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. என் பெயருக்கு முன்னால் மாது அண்ணன் பெயரைச் சேருங்கள்.