வெடி வைக்காமல் உடைத்த கிணறு

எண்பதுகளில் தர்மபுரியில் கிணற்று வெடி வேலை பார்த்தேன். டிராக்டரில் கம்ப்ரசரை இழுத்துக்கொண்டு போய், பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து உடைக்க வேண்டும். ஊர்களில் எனக்கு ‘வெடி பாய்’ என்றுதான் பெயர்.

ஒரு பங்குனியில் ஏரியூர் பக்கம் மாதப்பன் என்ற விவசாயி கூப்பிட்டார். கிணறு வற்றி அடிப்பாறை தெரிந்தது. ஆழப்படுத்தினால்தான் காய்ப்புக்கு வந்திருந்த தக்காளி தப்பும். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி முனியப்பன் கோயில், அதை ஒட்டி ஒரு பெரிய ஆலமரம்.

கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்து குழி போட ஆரம்பித்ததும் அந்த மரமே கிளம்பியதுபோல் இருந்தது. அத்தனையும் பழந்தின்னி வௌவால்கள். பட்டப்பகலில் கத்திக்கொண்டு வானத்தில் வட்டமடித்தன.

ஊரே ஓடி வந்தது. முன்னால் வந்தவர் கோயில் பூசாரி.

“பாய், வண்டிய நிறுத்துங்க! இதெல்லாம் முனியப்பன் வளக்கற உசுருங்க. தீவாளிக்கே நாங்க பட்டாசு வெடிக்கறதில்ல.”

“வெடி இன்னும் வைக்கலைங்க, குழிதான் போடறேன்” என்றபடியே நிறுத்தினேன். குட்டிகள் தாயின் மாரைக் கவ்விக்கொண்டு தொங்கும் பருவம் அது. மரத்தடியில் ஒரு குட்டி விழுந்து செத்துக் கிடந்தது. பூசாரி அதைத் துண்டில் ஏந்திப் போய்க் கோயில் பின்னால் புதைத்துவிட்டு வந்தார்.

“குட்டிங்க பறக்கற வரைக்கும் பொறுத்துக்க மாதப்பா” என்றார்.

சாமி காரியம். மாதப்பனால் எதிர்த்துப் பேச முடியாது. அவர் மனைவி சின்னபாப்பாதான் முன்னால் வந்தார்.

“வெடி வேண்டாமுங்க. நானும் அந்தச் சாமியக் கும்புடறவதான். ஆனா சாமி ஊருக்கே பொதுவு. பயிர் காயறது மட்டும் எங்க வூட்டோடவாங்க?”

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். பூசாரி துண்டை இடுப்பில் இறுக்கினார்.

“அந்தப் பொண்ணு கேக்கறது ஞாயந்தான். வூட்டுக்கு ஒரு ஆளு வாங்க. கையாலயே ஒடைப்போம்.”

சொன்னவரே முதலில் கிணற்றில் இறங்கினார். ஒவ்வொருவராகப் பின்னால் இறங்கினார்கள்.

எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை. நானும் இறங்கி, பாறை எந்தப் பக்கம் பிளக்கும் என்று அதன் ஓட்டம் பார்த்து உளி போட வேண்டிய இடங்களைக் கரியால் குறித்தேன். ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளந்தோம். பெண்கள் மேலே நின்று கூடையில் கல் இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வௌவால்கள் மரத்துக்குத் திரும்பிவிட்டன.

வெடியில் சட்டென்று முடியும் வேலை வாரக்கணக்கில் இழுத்தது. வேறு கிணறுகளுக்குப் போய்விட்டு இடையிடையே வந்து பார்த்தேன். எப்போது வந்தாலும் உள்ளே நாலைந்து பேராவது அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கிழக்கு மூலையில் பாறை பிளந்து ஊற்று கசிந்தது. அதற்குள் மேட்டுத் தக்காளி கருகிவிட்டது. பள்ளத்தில் இருந்தது பிழைத்தது. கருகியதற்கு ஈடாக ஊரார் தங்கள் வீட்டுக் கேழ்வரகை அளந்து மாதப்பன் வீட்டில் போட்டார்கள்.

சாமி மேல் இருந்த பயம்தான் அந்த வௌவால்களைக் காப்பாற்றியது என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். பயமும் பக்தியும் அங்கே நிறையவே இருந்தன. ஆனால் மாதப்பனைத் தனியாக விட்டிருந்தால், அடுத்த கோடையில் அவர் யாருக்கும் தெரியாமல் வேறு வெடிக்காரரைக் கூப்பிட்டிருப்பார். வேண்டாம் என்று சொன்னவர்களே சம்மட்டியையும் எடுத்ததால்தான் அந்த மரத்து வௌவால்கள் பிழைத்தன.