என் வீட்டுக்காரர் சொன்ன ‘ஒத்து’

ஒருமுறை நான் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கேட்ட நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அந்தச் சாட்சியில் ஒரு ஓட்டை இருந்தது. அதை மறைத்துவிட்டு கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை மட்டும் எழுதினால் இதுவும் ஓட்டைச் சாட்சிதான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம், ஆடிக் கிருத்திகை கழிந்த ஒன்பதாம் நாள் உச்சிவேளையில், என் வீட்டுக்காரர் விஷ ஜுரத்தில் இறந்துபோனார். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டினவர் அவர். கிருத்திகைக் கூட்டத்தை மழையில் நனைந்துகொண்டே ஏற்றி இறக்கினார். மறுநாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் என் அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் தமிழ். அத்தையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தெலுங்கு. இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல, எல்லோருக்கும் இரண்டு பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். பாவா சந்தோஷமாக இருந்தால் தமிழ் பேசுவார். கோபம் வந்தாலும் ஜுரம் வந்தாலும் தெலுங்குதான்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் பிரசவத்தில் குழந்தை இறந்து, நானும் சாகக் கிடந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் கர்த்தர் என்னைப் பிழைக்க வைத்தார். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். உறவுக்காரர்கள் ஏசினார்கள். பாவா ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் கொண்டுவந்து ஆலயத்து வாசலில் இறக்கிவிட்டு, எதிரே புங்கமரத்தடியில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வரச் சொன்னால், “நீ போய்ட்டு வா மே. குதிர தனியா நிக்காது” என்பார். ஆடி பிறந்தால் காவடி எடுத்து மலை ஏறுவார். எட்டு வருஷம் இப்படியே போயிற்று. எட்டு வருஷமும் அவருடைய இரட்சிப்புக்காக ஜெபித்தேன். என்றைக்காவது குதிரையை மரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பதாம் நாள் உச்சிவேளையில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் அவர் காதருகே குனிந்தேன். “பாவா, ஏசுசாமிய ஏத்துக்கிறீங்களா? ஒத்துக்கிறேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க பாவா” என்று கெஞ்சினேன். இரண்டு தடவை கேட்டேன், மூன்று தடவை கேட்டேன். உதடு அசைந்தது. “ஒத்து…” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை.

அடுத்த மாதம் சபையில் எழுந்து, என் வீட்டுக்காரர் கடைசி மூச்சில் ஆண்டவரை ஒத்துக்கொண்டார் என்று சாட்சி சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. என் காது அப்படித்தான் கேட்டது.

பிறகு ஒருநாள் சந்தைக்குப் போனேன். நகரிப் பக்கத்துத் தெலுங்கு அம்மாள் ஒருத்தி கத்தரிக்காய்க் கூறு முன்னால் நின்றிருந்தாள். கடைக்காரன் சொத்தைக் காயாக அள்ளிப் போட்டான். அவள் கையை வீசி, “ஒத்து, ஒத்து” என்றாள். அங்கேயே கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

தெலுங்கில் ‘ஒத்து’ என்றால் வேண்டாம். எனக்கு அது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அத்தை வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட சொல். ஆனால் அன்று என் காது தமிழை மட்டும் கேட்டது. அவர்களுடைய ‘ஒத்து’ கொஞ்சம் மெத்தென்று வரும், நம்முடையது வல்லினமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். வறண்டுபோன நாக்கில் அந்த வித்தியாசம் ஏது? ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஒத்துக்கொள்கிறேன் என்று தொடங்கி முடிக்க முடியாமல் போனாரா? வேண்டாம் என்று முடித்துவிட்டே போனாரா? ஜுரம் வந்தால் அவர் தெலுங்குதானே பேசுவார்!

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர்கள் பேசினால் அது காதில் விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது விழும். உச்சி வெயிலில் தெரு அடங்கிக் கிடக்கும்போது, குதிரை விற்றுப்போன வெற்றுக் கொட்டகையிலிருந்து கேட்கும். யாரும் இருக்கமாட்டார்கள். பகலிலேயே எனக்குப் பயமாக இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நம் சபையில் அந்த விவாதம் எழுந்தது. புதிதாக வந்த உபதேசியார் பெண்கள் கூட்டத்தில், கடைசியில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று போதித்தார். போதகர் ஐயாவுக்குச் செய்தி போயிற்று. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்து வாசலிலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

“எல்லாரும்னா, விசுவாசிக்கிற எல்லாரும். அதத்தான் வேதம் சொல்லுது” என்றார் போதகர் ஐயா.

“எல்லாரும்னா எல்லாருந்தாங்க ஐயா. அந்த வார்த்தைக்கு நாம எதுக்கு வேலி போடணும்?” என்றார் உபதேசியார்.

“வேலி இல்லன்னா சிலுவ எதுக்குப்பா? நாம ஊர் ஊரா வெயில்ல போய்க்கினு இருக்கறது எதுக்கு?”

உபதேசியார் பதில் சொன்னார், ஐயா மறுத்தார், சபை இரண்டாகப் பிரிந்தது. கிணற்றடியில் கூட இதே பேச்சு. போன வாரம் வரை குழம்பு கொடுத்து வாங்கினவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நரகம் உண்டா இல்லையா என்று இவர்கள் போட்ட சண்டையில் நரகம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

நான் முதலில் உபதேசியார் பக்கம் ஓடினேன். ஏன் ஓடமாட்டேன்? எல்லாரும் என்றால் பாவாவும் உண்டு. ஒத்து என்று எந்தப் பாஷையில் சொல்லியிருந்தால் என்ன? ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். ஆனால் ஒன்று நடந்தது. ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் கேட்க எதுவும் இல்லை. எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்றால் எதைக் கேட்பது? இன்னொரு நினைப்பு அதைவிட மோசமாக வந்தது. எப்படியும் அவர் வந்து சேரப்போகிறவர் என்றால், சாகப்போகிற மனுஷனை மூன்று தடவை அப்படி ஏன் குடைந்தேன்? அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே! தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கேள்விதான் கேட்டேன்.

பிறகு போதகர் ஐயாவிடம் போனேன். நல்ல மனுஷர், நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “அவர் இன்னா சொன்னார்னு எனக்குத் தெரியாதும்மா. வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் உனக்கு ஆறுதல் சொல்ல வேதத்துல எனக்கு இடமில்ல” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொய் ஆறுதல் சொல்லாததற்காக இன்று அவரை மதிக்கிறேன். அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே தெரியவில்லை. அடுப்பு மூட்டப் பயந்தேன். நெருப்பைப் பார்த்தால் பாவா முகம் தெரிந்தது.

ஒருவர் போதனையில் ஜெபம் செத்தது. மற்றவர் போதனையில் நான் செத்துக்கொண்டிருந்தேன். ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். வேதத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.

தை மாதம் ஒரு நாள் பகலில், அந்த வெற்றுக் கொட்டகையில் நின்று கோபமாகவே ஜெபித்தேன். “ஆண்டவரே, அங்கே நீரும் இருந்தீர். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லும். சொல்லாவிட்டால் இனி உம்மிடம் பேசமாட்டேன்.” வேறு வார்த்தை இல்லை. ஆமென் கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தைக் கிருத்திகை. ஊர் முழுக்க அரோகரா சத்தம். வாசலில் என் வதினா வந்து நின்றாள். வதினா என்றால் பாவாவின் அக்காள். ஆர்.கே.பேட்டையில் தறி நெய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நான் வேதத்துக்கு வந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசமாட்டாள். தம்பி செத்த அன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவள், அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்திருந்தாள், முகமெல்லாம் புகை.

“மலைக்குப் போலியா வதினா?” என்று கேட்டேன்.

“இன்னா மூஞ்ச வச்சிகினு போறது?” என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

“நீ அந்தப் பக்கம் குனிஞ்சிகினு அவன் காதுல இன்னாவோ சொல்லிகினு இருந்த. நான் இந்தப் பக்கம் மலைத் துன்னூறு எடுத்து அவன் நெத்தில வச்சேன். வச்ச கைய எடுக்கல, அதுக்குள்ள ‘ஒத்து’ன்னுட்டான். வருஷா வருஷம் காவடி தூக்கினவன்மே அவன்! சாமி துன்னூற வேணான்னுட்டுப் போய்ட்டானே! என் கை இன்னா பாவம் பண்ணிச்சோ. ஆறு மாசமா நான் மலை ஏறல.”

அவள் திருநீறு வைத்ததை நான் பார்க்கவே இல்லை. நான் காதருகே கேட்டதை அவளும் கேட்கவில்லை. நடுவில் ஒரு மனுஷன் ஒரு சொல் சொன்னான். என் சாமியை வேண்டாம் என்றான் என்று நான் இங்கே பயந்து செத்தேன். அவள் சாமியை வேண்டாம் என்றான் என்று அவள் அங்கே பயந்து செத்தாள். இதை நான் வதினாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. அது எப்போது அழுகையானது என்று தெரியாது.

அழுது ஓய்ந்ததும் அவள் கேட்டாள். “உங்க ஏசுசாமி அவன இன்னா பண்ணியிருப்பாரு?”

போதகர் ஐயாவின் பதில் எனக்குத் தெரியும். உபதேசியாரின் பதிலும் தெரியும். “தெரியாது வதினா. கேக்கலாம்” என்றேன்.

“ஆங், கேளு” என்றாள்.

கண்ணை மூடினேன். “ஆண்டவரே, என் வீட்டுக்காரர்…” என்று ஆரம்பித்தேன். வதினா என் தொடையில் தட்டினாள். “பேரு சொல்லாம இன்னா கேக்கற? உங்க சாமியாண்ட எத்தினி பொம்பளைங்க வீட்டுக்காரர்னு சொல்லிகினு இருப்பாங்க?”

நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. எட்டு வருஷ ஜெபத்திலும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். முனிரத்தினம் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் அடைத்திருந்த ஜெபம் திறந்துகொண்டது. ஒரு மணி நேரம் இருக்கும், நிறுத்தவே முடியவில்லை. வதினா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபை வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். கோபிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். பாவா என்ன சொன்னார் என்று சொல்லும்படி நான் கேட்டேன். கர்த்தர் அதைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டவர் தாம் ஒருவர்தான் என்பதை மட்டும் எனக்குக் காட்டினார். அதற்கு வேண்டாதவள் என்று நான் ஒதுக்கிவைத்திருந்த ஒருத்தியைக் கரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போய், பழைய சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுகிறேன் என்று ஐயாவிடமும் உபதேசியாரிடமும் சொன்னேன். உபதேசியார் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். விவாதம் இன்னும் தீரவில்லை. எல்லாரும் வருவார்கள் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எல்லாரும் வரவேண்டும் என்று கேட்க உரிமை உண்டு. அந்த உரிமையை இனி ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். உச்சி வெயிலில் கொட்டகைப் பக்கம் இன்னும் அந்தச் சொல் சில நாள் கேட்கிறது. கேட்டால் நான் இப்போது காதைப் பொத்திக்கொள்வதில்லை. முழங்கால் போடுகிறேன்.

பிரியமானவர்களே, உங்களிலும் சிலருக்கு இப்படி ஒருவர் இருப்பார். செத்து எங்கே போனார் என்று யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒருவர். பதில் தெரிந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்து என்னைப்போல் வறண்டுபோகாதீர்கள். கேட்கிறவர் இருக்கிறார், நம்பிக் கேளுங்கள். வெட்கத்தை விட்டுப் பெயரைச் சொல்லுங்கள். உங்களுடையவர் பெயரை எனக்கும் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஜெபிக்கும்போது, தப்பில்லை என்று உங்கள் மனது சொன்னால், முனிரத்தினம் என்று ஒருதரம் சொல்லுங்கள்.