பதினான்காம் நாள் இரத்தம்

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுப்பது அவர் வேலை. அவர் கைக்குச் சிக்காத நரம்பே இல்லை என்பார்கள். டாக்டர்கள்கூடத் தங்களுக்கு ஊசி என்றால் "பாப்பா அக்கா எங்கே?" என்றுதான் தேடுவார்கள். பதினாறு வயதுவரை பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டிய கை அது.

அன்று காலை அந்தக் கையைத் தடுத்தார் மதார் சாகிப். நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். அவர் மகன் ஹைகலுக்கு இரத்தப் புற்றுநோய். அக்காள் நூருல் ஹுதா கொடுத்த தண்டு உயிரணுக்களை அவன் உடம்பில் ஏற்றிப் பதினான்கு நாளாகியிருந்தது. நெஞ்சிலிருந்த குழாயில் கிருமி சேர்ந்ததால் கழற்றிவிட்டார்கள், இனி ஊசிதான்.

"போதும்லா தங்கச்சி! நேத்து ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சான். முப்பது வருஷமா சோறு போடுறேன், சாப்பிடுறவன் முகம் எனக்குத் தெரியாதா? நல்லா இருக்கிறவன ஏன் குத்துறீங்க?"

ஹைகலும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

புதிதாக வந்த அணுக்கள் சில சமயம் தாம் வந்து சேர்ந்த உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும். குடலில் அடி விழுந்தால் சில புரதங்கள் இரத்தத்தில் கூடும். வயிற்றுப்போக்கு தொடங்குமுன்பே கூடிவிடலாம். அதை அளக்கும் ஆய்வுக்கு ஹைகல் கையெழுத்துப் போட்டிருந்தான். டாக்டர் சுவர்ணா இரண்டு முறை சொல்லியும் அவன் அப்பாவுக்கு அது ஏறவில்லை.

பாப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"பாய், பால்மரத்துல பட்ட காயிற சீக்கு ஒண்ணு இருக்கு. மரம் பச்சையாத்தான் நிக்கும். பால்கூட முன்னவிட ஜோரா ஓடும், ஆனா தண்ணியா ஓடும். எங்கம்மா பாலப் பார்த்தே சொல்லிடும். தொப்பி போட்ட தோட்டத்துக் கணக்கப்பிள்ள, அந்தக் கிராணி, இலையப் பார்த்துட்டு, 'மரத்துக்கு என்ன, வெட்டு'ம்பாரு. அப்புறம் பட்ட வறண்டு போயிடும்."

"அப்ப நான்தான் அந்தக் கிராணியா?"

"தொப்பி மட்டுந்தான் வேற, பாய்."

ஹைகல் சிரித்துவிட்டான். போர்வைக்குள்ளிருந்து கை தானாக வெளியே வந்தது. ஒரே குத்து. இரத்தம் நிறைந்த சோதனைக் குழாயைக் குலுக்காமல், மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார் பாப்பா.

இரண்டு நாளில் முடிவு வந்தது. அந்தப் புரதங்களின் அளவு கூடியிருந்தது. ஹைகலோ அன்றும் கஞ்சி கேட்டான். ஆனால் வார்டு விழித்துக்கொண்டது. மறுநாள் காலை வயிறு லேசாகக் கலங்கியதுமே சோதித்துப் பார்த்து, அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். குடல் தப்பியது.

"அந்த எண் அவனைக் குணப்படுத்தல. எங்க பார்க்கணும்னு நமக்குச் சொல்லிச்சு," என்றார் டாக்டர் சுவர்ணா. பாப்பாவுக்கு அதுவே போதும். அந்த எண் தம் கையிலிருந்து போன இரத்தத்தில் இருந்ததல்லவா!

நூறாம் நாள் பரிசோதனைக்கு அப்பாவும் மகனும் வந்தார்கள். பணியில் இருந்த தனேஸ்வரன் ஊசியை எடுத்ததும் மதார் சாகிப் தடுத்தார்.

"தம்பி, நீங்க இருங்க. எங்க பாப்பா வரட்டும்."

பாப்பா நிமிர்ந்து நடந்து வந்தார். மகனின் சட்டைக் கையைத் தாமே மடித்துவிட்டார் மதார் சாகிப்.

"இன்னிக்கும் பச்சையாத்தான் நிக்கிறான். ஆனாலும் பாலப் பார்த்துடும்மா."