மருமகளுக்கு எதிர்த்தரப்புச் சாட்சி

என் மருமகளுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் வக்கீலம்மா. பாராட்டி வைத்ததல்ல, கிண்டல்தான். முப்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடம் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கக் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? "வீட்ல மாமியார்கிட்ட வாதாடுறது பத்தலையாமா?" என்று என் நாத்தனார் கேட்டாள். அவள் என்னிடம் வாதாடியதே இல்லை, அதுதான் சங்கதி. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள். அந்த ஒன்றும் சரியாக இருந்து தொலைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அங்கே கூட்டிப் பெருக்கிய பெண்ணை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தலாமா என்று இவள் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் வேறு வேலை தேடிப் போய்விட்டாள். இவள் மட்டும் படிப்பை விடவில்லை.

நான் தையல்காரி. வீட்டில் பெரிய மேசை என்றால் துணி வெட்டுகிற என் மேசைதான். பகலில் அதில் திரைச்சீலை வெட்டுவேன். சாயங்காலம் அவள் தலையணை தடிமனுக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து பரப்புவாள். என் சாக்கட்டி அவள் புத்தகத்தில் கோடு போடும், அவள் பேனா என் துணியில் மை கக்கும். "உன் சட்டத்துல இதுக்கு என்னடி தண்டனை?" என்று கத்துவேன். "துவைச்சுக் குடுக்கணும் அத்தை" என்பாள். துவைத்தும் கொடுப்பாள். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

கடைசி வருடம் வந்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. பட்டம் மட்டும் வாங்கினால் போதாதாம், ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தால்தான் தொழில் கைக்கு வருமாம். இவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் வயதைக் கேட்டார்கள், அடுத்து குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்கள், அதோடு சரி. என் மகனோ, கிடங்கில் மூட்டைக் கணக்கு பார்க்கிறவன், "பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையிலேயே குடித்தனம் நடத்துகிறவன். அவனை விடுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தில் மாதிரி நீதிமன்றம் வைத்தார்கள். பொய் வழக்கு, பொய்ச் சாட்சி, ஆனால் விசாரணை மட்டும் நிஜம்போல நடக்கும். நீதிபதியாக உட்கார ஊரே மதிக்கிற ஒரு பெரிய வக்கீலம்மா வருவதாக இருந்தது. நன்றாகச் செய்கிற ஒருவரைத் தன்னிடம் ஜூனியராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். என் மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாட்சியாக நடிக்க ஒவ்வொரு மாணவரும் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அவள் என்னைக் கூட்டிப் போனாள். சீட்டுக் குலுக்கினார்கள். போயும் போயும் நான் எதிர்த்தரப்புக்குச் சாட்சியாக விழுந்தேன்! "மாமியார்னா எதிர்க்கட்சிதானே" என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வழக்கு இதுதான். ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். இறங்கி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள் என்கிறாள். அவளுக்கு வக்கீல் என் மருமகள். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்று சொல்லும் சாட்சி நான். நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தார் பேராசிரியர். மேல்பாதி இரண்டு தரப்புக்கும் தெரியும். கீழ்ப்பாதி எனக்கு மட்டும். யாராவது கேட்டால்தான் அதைச் சொல்ல வேண்டும், வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வாய்க்குப் பூட்டுப் போட்டு நான் இருந்த நாட்கள் அவைதான்.

விசாரணை நாளன்று கூண்டில் ஏறினேன். கறுப்புக் கோட்டில் என் மருமகள் எதிரே வந்து நின்றாள்.

"அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"ஆமா."

"நீங்க கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"இல்ல."

"ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துலேர்ந்துதானே வந்தீங்க?"

"ஆமா."

"கண்ணாடி இல்லாம தூரத்துல இருக்கறது உங்களுக்குச் சரியாத் தெரியாதுதானே?"

"தெரியாது."

அரங்கம் சிரித்தது. "கண்ணே தெரியாத கிழவியப் பிடிச்சுட்டு வந்திருக்காங்கப்பா" என்று முன்வரிசையில் ஒருவன் முனகியது என் காதில் விழுந்தது. நீதிபதி அம்மாவே உதட்டைக் கடித்துக்கொண்டார். அதோடு அவள் உட்கார்ந்திருந்தால் வழக்கு அவளுடையது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். அவள் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"அப்படின்னா, பஸ் நின்னுட்டிருந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நடந்தது. பதில் தாளின் கீழ்ப்பாதியில் இருந்தது. "தெரியலம்மா" என்று குழப்பியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நடிப்புத்தானே, கிழவி மறந்துவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த அம்மா கத்தினப்போ நான் அதே பஸ்ஸுக்கு முன்னாடிதான் ரோட்டைக் கடந்துட்டிருந்தேன். பஸ் நகர்ந்திருந்தா இங்க வந்து சாட்சி சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்."

இப்போது கைதட்டல். எனக்குத்தான். அவள் மெல்லத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

முடிவில் நீதிபதி அம்மா எல்லோர் முன்னாலும் அவளிடம் கேட்டார்: "நல்லாப் போயிட்டிருந்தீங்க. அந்தக் கடைசிக் கேள்வி எதுக்கு?"

"தப்புதான் மேடம்" என்றாள். எதிர்த்தரப்பில் வாதாடிய பையனுக்கு அந்த இடம் போனது. என்னை 'எதிர்க்கட்சி' என்ற அதே பையன்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். என்னால் எவ்வளவு நேரம் வாயை அடக்க முடியும்?

"ஏன்டி, சொல்லிக் குடுத்த பாடத்தையே மறந்துட்டியா?"

"மறக்கல அத்தை." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களப் பாத்துச் சிரிச்சாங்க. உங்கள அப்படியே நிக்க விட்டுட்டு உக்கார முடியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வக்கீல் தொழிலுக்கு இதெல்லாம் ஆகுமாடி?"

"ஆகாது. வேற யாராவது நின்னிருந்தா, சிரிச்சா சிரிக்கட்டும்னு உக்காந்திருப்பேன் அத்தை. அதை நெனச்சாலும் பயமாத்தான் இருக்கு."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். "பாவி நான், ரோஷப்பட்டு வாயத் திறந்துட்டேனேடி. தெரியலன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா அந்த வேலை உனக்குக் கெடச்சிருக்குமே!"

அவள் என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினாள்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா அவங்க சிரிச்சது சரின்னு ஆகியிருக்கும். அதுக்கா அத்தை நான் கேட்டேன்?"