பொய் சொல்லி வாங்கிய மந்திரம்

மூன்று வருடத்துக்கு முன்னால் வேலப்பன்சாவடி அருகே ஒரு லாரி என் ஸ்கூட்டியை உரசிவிட்டுப் போனது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. ரோட்டில் இறங்கினாலே கால் நடுங்கும். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்ட வேண்டும். முடியாமல் திரும்பி வந்து அழுத நாட்கள் எத்தனையோ. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, தைரியம் வரவில்லை.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் ஒரு மேடம் தியான வகுப்பு நடத்துகிறார். உடம்பின் முதல் சக்கரமான மூலாதாரம் பிள்ளையார் குடியிருக்கும் இடம், அது திடமானால் பயம் போகும் என்றார். முதுகுத்தண்டின் அடியில் மனதை வைத்து ‘லம்’ என்று நூற்றெட்டு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆறு மாதத்தில் நடுக்கம் குறைந்து பஸ் ஏற ஆரம்பித்தேன்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். எதிர்வீட்டுச் சுமதியையும் நானே கூட்டிப் போனேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

இரண்டே மாதம். தியானம் முடிந்து அனுபவம் பகிரும்போது, “செவப்பா வெளிச்சம் தெரியுது மேடம். முதுகு அடியில சூடா கீது” என்றாள். எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். மூலாதாரத்தில் அனுபவம் வந்ததாகச் சொன்னால்தான் அடுத்த சக்கரத்துக்கான ‘வம்’ மந்திரம் கிடைக்கும். அவளுக்குக் கிடைத்தது. அவளுக்கு எத்தனையோ மாதம் முன்பிருந்து உட்காரும் எனக்கு இல்லை. வயிறு எரிந்தது. அவள் வீட்டுச் சாம்பார் வாசனைகூடப் பிடிக்கவில்லை. என் முதுகில் மட்டும் என்ன, கரண்ட் கட்டா?

அடுத்த ஞாயிறு நானும் வாயைத் திறந்தேன். “எனக்கும் செவப்பு தெரிஞ்சது மேடம். தாமரை மாதிரி, நாலு இதழ்.” புத்தகத்தில் படித்தது. மேடம் நம்பி ‘வம்’ கொடுத்தார். சுமதி கைதட்டினாள். அந்தக் கைதட்டலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்றோடு ‘லம்’ சொல்வதை விட்டேன். கண்ணை மூடினால், சுமதி என்னைவிட எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்ற நினைப்புத்தான். மூன்றாவது வாரம் நடுக்கம் திரும்பியது, முன்னைவிட மோசமாக. வேலைக்குப் போகவில்லை. இனியும் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி மாதம், சங்கடஹர சதுர்த்தி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில். சாயங்காலம் எப்படியோ பாதி ரோடு தாண்டி நடுவில் மீடியனில் நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வாய்விட்டு அழுதேன். “பிள்ளையாரப்பா, எனக்குச் செவப்பும் வேண்டாம், தாமரையும் வேண்டாம். பொய் சொல்லிட்டேன். இந்தப் பொறாமைய எடுத்துக்கோ. என் காலைத் திருப்பிக் குடு.”

கண்ணைத் திறந்தால் கோயில் வாசலிலிருந்து சுமதி ஓடி வருகிறாள், கையில் அருகம்புல்லோடு. பிள்ளையாரே, அனுப்புவதற்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு! என் கையைப் பிடித்தாள். அங்கேயே உடைந்துவிட்டேன்.

“சுமதி, நான் ஒண்ணுமே பாக்கல. உம்மேல பொறாமையில பொய் சொன்னேன்.”

“நடு ரோட்ல நின்னுகினு இன்னாக்கா பேசினுகீற? மொதல்ல தாண்டு. லம் சொல்லு, நானும் சொல்றேன்.”

இரண்டு பேரும் சொன்னோம். கால் நகர்ந்தது. கோயில் வாசல் வரை என் கையை அவள் விடவில்லை.

அந்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். மேடம் திட்டவில்லை. “லம்லேர்ந்தே ஆரம்பிங்க” என்றார். ஆரம்பித்தேன். வேலை போகவில்லை. தை மாதத்திலிருந்து ஸ்கூட்டியிலேயே போகிறேன். பிள்ளையார் போட்ட பிச்சை.

சுமதி இப்போது நாலாவது சக்கரத்தில் இருக்கிறாள், நான் முதலாவதில்தான். பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அது வரும்போது பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு உட்காருகிறேன். பயத்தோடு இருப்பவர்களே, நீங்களும் அவரை நம்பி உட்காருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ஒன்றுமே தெரியாத என்னைத்தான் அவர் தாங்கினார்.