மாமனாரின் சிவப்புக் கிளிப்

எங்கள் சமையலறைச் சுவரில், ஆணியில் ஒரு சிவப்புக் கிளிப் தொங்குகிறது. கொடியில் துணிக்கு மாட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் கிளிப்தான். ஒரு பல் உடைந்தது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அதை அங்கே மாட்டியவர் என் மாமனார். தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் முப்பது வருஷம் ஜெனரேட்டர் பார்த்தவர். மின்சாரம் போனால் எந்த மாடிக்கு விளக்கு, எந்த லிஃப்ட் ஓடலாம் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்த அதிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கீசர், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கிளிப். எதைப் போட்டாலும் போடுகிறவர் அதைத் தம் உடையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில், பனியனில் கிளிப்போடு சாவகாசமாகச் சட்டை தேய்க்கும் கணவர் முன்னால் துண்டும் கையுமாக நின்றிருக்கிறேன். மும்முனை இணைப்பு வாங்கிவிடலாமே என்று நான் மாமாவிடம் கேட்காத மாதமில்லை.

"நம்ம வயரு தாங்கும்மா. தெருமுனை டிரான்ஸ்பார்மர் தாங்கணும்லா? எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல எல்லாத்தையும் போட்டா அது என்ன செய்யும்?" என்பார்.

நாம் ஒரு வீடு பொறுத்தால் தெரு முழுக்கச் சரியாகிவிடுமா என்று மனதுக்குள் பொருமுவேன்.

ஒருநாள் அவசரத்தில் துப்பட்டாவில் கிளிப்போடு தேனாம்பேட்டை அலுவலகத்துக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பினால் துணி துவைக்கவில்லை, மாவு ஆட்டவில்லை, மே மாத வெயிலில் ஏசிகூடப் போடவில்லை. கொடியில் வேறு கிளிப்புகள் ஒரு டஜன் தொங்கின. அதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் மெஷின் ஒன்றைக் கட்டிலருகே வைத்தோம். மிக்ஸி அளவுகூட அது மின்சாரம் இழுக்காது என்று கொண்டுவந்தவர் சொல்லியும் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடுவது, இது நாள் முழுக்க ஓடுவது என்று சொல்லி, கிளிப்பைத் தம் சட்டையில் மாட்டிக்கொண்டார். அவர் தூங்கும்போது திருட்டுத்தனமாக ஏசி போட்டோம். கிரைண்டர் மட்டும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு மதியம், ஊறப்போட்ட அரிசி கெடப்போகிறது என்று கணவரிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். திரும்பினால் சமையலறை வாசலில் மாமா. மூக்கில் குழாய் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கிளிப்பை நீட்டினார்.

"மிஷின நிப்பாட்டிட்டேன். நீ மாவ ஆட்டிரும்மா."

உதடு நீலம் பூத்திருந்தது. அதுவரை நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன், இட்லி மாவுக்காக உயிரை விடுவீர்களா என்று கேட்டேன். கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோய், குழாயைப் பொருத்தி, மெஷினைப் போட்டு, கிளிப்பை நானே அவர் சட்டையில் மாட்டினேன். மூச்சு சீரானதும், "அரிசி வீணாப்போச்சேம்மா" என்றார். கடை மாவைத் தொடாத மனிதர், அதன்பின் இருந்த நாலு மாதமும் மறுபேச்சில்லாமல் அதைத்தான் சாப்பிட்டார்.

இப்போது மும்முனை இணைப்பு இருக்கிறது, அறைக்கு ஓர் ஏசி இருக்கிறது. தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். கோடையில் டிரான்ஸ்பார்மர் படுத்துவிட்டால் எல்லோரும் பால்கனியில் நின்று யாரையாவது திட்டுகிறோம். மின்சாரம் வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் எல்லாவற்றையும் போடுகிறோம். அது மறுபடி போகிறது.

கிரைண்டரைப் போடும்போது மட்டும் என் கை ஆணிக்குப் போகிறது. அவசியமே இல்லை என்று எனக்கே தெரியும். எதற்கு இந்தக் கூத்து என்று மகள் கேட்கிறாள். கிளிப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாவு ஆட்டி முடிகிறவரை அவள் அறை ஏசியையும் நிறுத்திவைக்கிறேன்.