நான் காலி செய்த இடம்

ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் பி.ஏ. முதல் வருஷம் முடித்தேன். திருச்சி மோகத்தில், அங்கே இடம் உண்டா என்று கேட்காமலே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டேன். "பொருளாதாரத்துல இடமே இல்லையே!" என்றார் அந்தக் கல்லூரி குமாஸ்தா. ஊரிலும் என் பெயரை அடித்துவிட்டார்களே!

அந்த நேரம் பார்த்து இலுப்பூர் மாணவர் ஒருவர் உள்ளே வந்தார். "சார், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைங்க. புதுக்கோட்டைக்கே மாறிப் போறேன். பொருளாதாரம், ரெண்டாம் வருஷம். அங்கிட்டு இடம் இருக்குமான்னுதான் தெரியலை."

"இருக்குங்க! இப்பத்தான் காலி பண்ணிட்டு வாரேன்!" என்று கத்தியே விட்டேன். குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரமே அந்த மாணவர் இடம் எனக்கு, என் இடம் அவருக்கு!

பின்னாளில் நானும் ஒரு கல்லூரி குமாஸ்தா ஆனேன். டி.சி. கேட்டு யார் வந்தாலும், "போற எடத்துல சீட்டு தந்துட்டாங்களா? கடுதாசியக் காட்டுங்க" என்பேன். முறைப்பார்கள். முறைக்கட்டும்!